கடவுளை நம்பாத அப்பா ஏன் காசைத் திருப்பிக் கொடுத்தார்?

வாசகர் கேள்வி:

நான் திருகோணமலை பாலையூற்றைச் சேர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். கணவர் கணித ஆசிரியர். கல்யாணம் முடித்த காலத்தில் அவரும் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார். சில வருடங்களுக்கு முன்பு, தனக்கு இனிக் கடவுள் நம்பிக்கை இல்லை, நம்புகிற மாதிரி நடிக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டார். நல்லவனாக இருக்க மனிதநேயம் போதும், சமயம் தேவையில்லை என்பது அவருடைய கதை. குடி, புகை எதுவும் இல்லை. வீட்டுக்கு ஒரு குறையும் வைக்காத மனிதர்.

மகனுக்கு ஒன்பது வயது. இந்த வருடம் முதல் நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, ஆயத்த வகுப்புக்குப் போகிறான். போன மாதம் ஒரு கடையில் மீதிக் காசு ஆயிரம் ரூபாய் கூடத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்ததும், கொட்டுகிற மழைக்குள் பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிரவு மகன் என்னிடம், "அம்மா, கடைக்காரருக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கடவுளும் இல்லை. அப்ப ஏன் காசைத் திருப்பிக் குடுத்தவர்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. "பேசாமப் படு" என்றுவிட்டேன்.

மாமி, "கடவுள் பயம் இல்லாத வீட்டுப் பிள்ளை உருப்படாது" என்கிறார். கணவர், "கோயில் பயங்காட்டித்தான் ஆக்களை நல்லவராக்குது. கோணேசர் கோயிலை இடிச்சவங்களும் சிலுவை தூக்கினவங்கள்தானே" என்கிறார். கடவுள் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா? பிள்ளைக்கு நான் எதைச் சொல்வது? முதல் நன்மைக்கு வரச்சொல்லி அவரை வற்புறுத்தலாமா? பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லட்டுமா? உங்கள் பதிலை நாங்கள் இருவரும் வாசிப்போம்.

உளவளத்துணையாளர் பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் கேட்டது பெரிய கேள்வி. பெரியவர்கள் நூற்றாண்டுக் கணக்காக நூல் நூலாக எழுதி வாதாடிய கேள்வியை அவன் ஒரு மழை நாளில் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு போய்வந்து கண்டுபிடித்திருக்கிறான். "பேசாமப் படு" என்றதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அந்தக் கேள்வி அவனிடம் இன்னும் இருக்கும். நீங்களாகவே, "அண்டைக்கு ஒண்டு கேட்டாயெல்லே" என்று தொடங்கினால் உடனே பிடித்துக்கொள்வான்.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. என் தொழிலில் பழகியதால் எனக்கு அதுதான் முதலில் கேட்டது. கடவுளை நம்பாதவர்கள் கெட்டவர்கள் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாக இருக்கலாம், வகுப்பில் கூட இருக்கும் பிள்ளையாக இருக்கலாம். அப்படியென்றால் தன் அப்பா கெட்டவரா என்ற பயம் அவனுக்கு. காசு திருப்பிக் கொடுத்ததைக் கண்டதும் அந்தப் பயத்துக்கு எதிராக ஒரு சான்று கிடைத்துவிட்டது. அந்தச் சான்று சரிதானா என்று கேட்கத்தான் உங்களிடம் வந்தான். ஆகவே தத்துவம் பேசுவதற்கு முன், "அப்பா நல்ல மனிசர். அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை" என்று உங்கள் வாயால் அவன் கேட்கவேண்டும். வேறு யார் சொன்னாலும் அந்த நிம்மதி அவனுக்கு வராது.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நானும் கிறிஸ்தவ விசுவாசிதான். அதை மறைத்துக்கொண்டு நடுவுநிலை பேசுவது உங்கள் கணவருக்கு நியாயமாகாது.

"கடவுள் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. நல்லது எது, கெட்டது எது என்று அறிந்து நடக்க ஒருவருக்குக் கடவுள் நம்பிக்கை கட்டாயமா என்பது ஒன்று. நல்லது ஏன் நல்லதாக இருக்கிறது, அதன் அடித்தளம் என்ன என்பது மற்றது. உங்கள் கணவருக்கு இது சட்டென விளங்கும். எண்கள் என்றால் உண்மையில் என்ன, கணிதம் எதன்மேல் நிற்கிறது என்பதில் கணித அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதற்காகச் சந்தையில் யாரும் கூட்டல் பிழைத்துப் போவதில்லை. முதல் கேள்விக்கு என் பதில் தெளிவானது: கட்டாயமில்லை. இரண்டாவது கேள்வியில்தான் நீங்களும் அவரும் உண்மையாகவே வேறுபடுகிறீர்கள். அந்த வேறுபாட்டை மூடி மறைக்கவும் வேண்டாம், ஊதிப் பெருப்பிக்கவும் வேண்டாம்.

முதல் கேள்வியைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற இரு உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மிகவும் கட்டுப்பாடான கிறிஸ்தவ, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் பேசினார்கள். ஓய்வுநாளில் வேலை செய்வது பற்றிக் கடவுள் ஒரு விதியும் தந்திராவிட்டால் அன்று வேலை செய்யலாமா என்று கேட்டபோது, செய்யலாம் என்றே பெரும்பாலானோர் சொன்னார்கள். களவெடுப்பதையும் மற்றவரை அடிப்பதையும் பற்றி அதே மாதிரிக் கேட்டபோது, கடவுள் ஒன்றும் சொல்லியிராவிட்டாலும் அது பிழைதான் என்றார்கள். ஏனென்றால் அடித்தால் மற்றவனுக்கு நோகும், களவெடுத்தால் அவனுக்கு இல்லாமல் போகும். கடவுளை முழு மனதோடு நம்புகிற பிள்ளைகளே அப்படிச் சொன்னார்கள். கடவுள் நல்லவர் என்பதால்தான் நல்லதைக் கட்டளையிடுகிறார் என்று அவர்களுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது. தேவர்கள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா என்று கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பு ஏதென்சில் சோக்கிரட்டீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதிவைத்ததும் இதே கேள்விதான்.

இதைப் படித்து உங்கள் விசுவாசம் ஆட்டம் காணத் தேவையில்லை. உங்கள் திருச்சபையே இதைத்தான் சொல்கிறது. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். யூதரின் திருச்சட்டம் இல்லாத பிற இனத்தார் இயல்பாகவே அந்தச் சட்டம் கேட்பதைச் செய்கிறார்கள், அது அவர்கள் உள்ளத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுடைய மனச்சாட்சி அதற்குச் சாட்சி என்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குயினார் இதையே இயற்கைச் சட்டம் என்று விரித்து எழுதினார். நல்லதைச் செய், தீயதை விலக்கு என்ற அடிப்படையை மனிதர் தம் அறிவினாலேயே அறியலாம் என்பது அவர் வாதம். 1965 டிசம்பர் 7ஆம் திகதி கத்தோலிக்க ஆயர்களின் உலகக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், மனச்சாட்சிக்கு உண்மையாக இருப்பதில் கிறிஸ்தவர்கள் மற்ற மனிதரோடு இணைந்து உண்மையைத் தேடுகிறார்கள் என்று இருக்கிறது. இறைமறுப்பைத் திருச்சபை ஏற்கவில்லை என்பதையும் அதே ஏடு ஒளிக்காமல் சொல்கிறது. அதோடு நிற்காமல், விசுவாசிகள் தங்கள் போதனையாலும் நடத்தையாலும் கடவுளின் உண்மையான முகத்தை மறைத்துவிடுவதால், இறைமறுப்பு தோன்றுவதில் அவர்களுக்கும் சிறிதல்லாத பங்கு இருக்கிறது என்றும் ஏற்றுக்கொள்கிறது. மாமியிடம் யாராவது இந்தப் பகுதியை மெதுவாகச் சொல்லலாம். கடவுள் பயம் இல்லாத வீட்டுப் பிள்ளை உருப்படாது என்பது வேதபாடம் அல்ல. பேரனைப் பற்றிய கவலை அவரை அப்படிப் பேசவைக்கிறது.

இனி உங்கள் கணவரின் பக்கம். அவர் நிற்பது வெறும் இடத்தில் அல்ல. சமயம் சாராத மனிதநேயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1952இல் அம்ஸ்ரடாமில் பல நாட்டு மனிதநேய அமைப்புகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. 2002இல் அதைப் புதுப்பித்தபோது, ஒழுக்கம் மனித இயல்பின் ஒரு பகுதி, மற்றவரைப் புரிந்துகொள்வதிலும் அவர்மேல் கொள்ளும் அக்கறையிலும் அது நிற்கிறது, வெளியிலிருந்து வரும் தண்டனையோ அனுமதியோ அதற்குத் தேவையில்லை என்று எழுதினார்கள். உங்கள் மகனின் கேள்விக்கு அவர்களுடைய நேரடிப் பதில் இதுதான். நம் நாட்டிலும் இந்தக் குரல் புதிதல்ல. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆபிரகாம் கோவூரை நம் பெரியவர்கள் அறிவார்கள். கேரளத்தில் ஒரு கிறிஸ்தவக் குருவானவரின் மகனாக 1898இல் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பேய், சூனியம், கட்டுக்கழிப்பு என்று அலைக்கழிந்த எத்தனையோ பேரை உட்காரவைத்துப் பேசி, அவர்களுடைய பயத்தின் காரணத்தைக் கண்டு சொல்லி அனுப்பியவர். அவர் கடவுளைப் பற்றிச் சொன்ன முடிவை நான் ஏற்கவில்லை. பயந்துபோய் வந்த மனிதருக்காக அவர் செலவழித்த நேரத்தை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

சகோதரி, அவருக்கு ஏதோ மனத்தாக்கம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். என்ன நடந்தது என்று தேடத் தோன்றும். சிலருக்கு இழப்பினால் நம்பிக்கை போவது உண்மைதான். யுத்தத்தையும் கடற்கோளையும் கண்ட நம்முடைய ஊரில் அப்படிப்பட்டவர்களை நான் சந்திக்கிறேன். உங்கள் கணவர், தனக்கு இனி நம்பிக்கை இல்லை, நடிக்க முடியாது என்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நோய்க்குறி தேடத் தொடங்கினால் அவர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார். நடிக்க மறுத்ததும் ஒரு நேர்மைதான். காசைத் திருப்பிக் கொடுக்கப் போனவரும் அதே மனிதர்தான்.

இப்போது உங்கள் கணவரோடு கொஞ்சம் பேசுகிறேன், நீங்கள் கோபிக்கக்கூடாது.

ஆசிரியர் அவர்களே, "கோயில் பயங்காட்டித்தான் ஆக்களை நல்லவராக்குது" என்று சொல்கிறீர்கள். அப்படிப் பயங்காட்டிய பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். மனைவி நம்புகிற சமயத்தை எடைபோடுவதானால் அதன் பலவீனமான பிரசங்கத்தை வைத்து எடைபோடாதீர்கள். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு வருகிறது. பசித்தவனுக்கு உணவு கொடுத்தவர்களும் சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தவர்களும் ஒரு பக்கம் நிறுத்தப்படுகிறார்கள். "எனக்கே செய்தீர்கள்" என்று அரசர் சொன்னதும் அவர்கள் திகைத்து, "ஆண்டவரே, எப்போது உம்மைக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. யாரும் பார்க்கிறார்கள் என்றோ, கூலி கிடைக்கும் என்றோ எண்ணி அவர்கள் கொடுக்கவில்லை. முன்னால் ஒருவன் பசியோடு இருந்தான், கொடுத்தார்கள். நீங்கள் மழைக்குள் கடைக்குப் போனதற்கும் இதற்கும் உள்ள நெருக்கம் எனக்குத் தெரிகிறது. உங்கள் மனைவிக்கும் அது தெரியும். அதனால்தான் அந்தச் சம்பவத்தை இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறார்.

கோணேசர் கோயிலைப் பற்றிச் சொன்னது உண்மை. 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்து, அதே முனையில் கோட்டை கட்டினார்கள். இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படக்கூடாது. நம்முடைய வழிபாட்டின் வரலாற்றில் அதுவும் இருக்கிறது. ஆனால் அதை அன்றாடம் சாப்பாட்டு மேசையில் மனைவியின் முன் எடுத்துப் போடுவதில் என்ன நியாயம்? அவர் எந்தக் கோயிலையும் இடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கடவுளை ஒழிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இலட்சக்கணக்கானோரைக் கொன்ற ஆட்சிகளும் இருந்தன. அந்தக் கணக்கை உங்கள் தலையில் கட்ட அவருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்றும் உங்களிடம் கேட்கிறேன், பதில் தெரிந்துகொண்டு கேட்கவில்லை. மனித மாண்பு எல்லோருக்கும் சமம் என்கிறீர்கள். பகுத்தறிவு இருப்பதால்தான் மனிதனுக்கு மதிப்பு என்றால், அந்த அறிவு மங்கிப்போன முதியவருக்கும், பிறவியிலேயே பேச்சும் நினைவும் வளராத குழந்தைக்கும் அதே மதிப்பு எங்கிருந்து வருகிறது? கிறிஸ்தவர் கடவுளின் சாயல் என்பார். நான்காம் நூற்றாண்டிலேயே, இன்றைய துருக்கியில் இருந்த செசரியா நகரில் ஆயர் பசிலியார் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய இல்லத்தை எழுப்பியது அந்த எண்ணத்தில்தான். நோகும் உயிர் என்பதே போதும் என்று உங்களவர்கள் பதில் சொல்லலாம். அது வலுவான பதில்தான். ஆனாலும் அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லி மகனுக்கு விளக்கும் அளவுக்கு யோசித்து வைத்திருக்கவேண்டும். "மனிதநேயம் போதும்" என்ற இரண்டு சொல் ஒன்பது வயதுக்குப் போதாது.

உங்கள் இருவருக்கும் ஒன்றாகச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது. 1948 டிசம்பர் 10ஆம் திகதி பாரிசில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதை வரைந்த குழுவுக்கு அமெரிக்காவின் எலினோர் ரூஸ்வெல்ட் தலைவி. லெபனானின் சார்ல்ஸ் மாலிக் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. சீனாவின் பி. சி. சாங் கன்பியூசிய மரபில் ஊறியவர். முதல் உறுப்புரையில், மனிதர் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்ற கருத்தைச் சேர்க்கவேண்டும் என்று பிரேசில் கேட்டது. சாங் அதை ஏற்கவில்லை. சேர்க்காமலே விட்டார்கள். கடைசியில் நின்ற வாசகம், மனிதப் பிறவியினர் எல்லோரும் மதிப்பிலும் உரிமைகளிலும் சமம், நியாயத்தையும் மனச்சாட்சியையும் இயற்பண்பாகப் பெற்றவர்கள் என்பது. அந்தக் காலத்தில் இதற்காக உழைத்த கத்தோலிக்க மெய்யியலாளர் ஜாக் மரித்தேன், உரிமைகளில் நாங்கள் ஒத்துப்போகிறோம், ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது என்ற பொருளில் ஒரு கருத்தைப் பதிவு செய்தார்.

நாடுகளுக்கு அது சரிவரும். வீட்டுக்குச் சரிவராது. வீட்டில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஆகவே இருவரும் அவனுக்கு உங்கள் உங்கள் "ஏன்" என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். சகோதரி, நீங்கள் சொல்லலாம்: "கடவுள் எல்லாரையும் தன்ர பிள்ளையள் எண்டு நினைக்கிறார். அந்தக் கடைக்காரரும் அவருக்குப் பிள்ளைதான். அவரை ஏமாத்தினா கடவுளுக்கு நோகும். அதாலதான் நான் அப்பிடிச் செய்யமாட்டன்." தண்டனையைப் பற்றிப் பேசாமல், கடவுளோடு உங்களுக்கு இருக்கும் அன்பைப் பற்றிப் பேசுங்கள். பிறகு, "அப்பாவுக்கு வேற காரணம் இருக்கு, அவரிட்டக் கேள்" என்று அனுப்புங்கள். அப்பா சொல்லட்டும்: "அந்தக் கடையில நிண்ட பெடியன் பின்னேரம் கல்லாப்பெட்டிக் கணக்கு முடிக்கேக்க ஆயிரம் ரூபாய் குறையும். முதலாளி அவன்ர சம்பளத்தில பிடிப்பார். நான் அந்த இடத்தில நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சன்." இரண்டு பதிலும் உண்மையானவை. இரண்டையும் கேட்ட பிள்ளை குழம்பிப்போவான் என்று பயப்படாதீர்கள். அம்மாவும் அப்பாவும் ஒருவர் காரணத்தை மற்றவர் கேலி செய்யும்போதுதான் பிள்ளை குழம்புகிறது. யாரை நம்புவது என்று தெரியாமல், இரண்டையும் விட்டுவிடுகிறது.

பிள்ளை பாடசாலையில் ஏற்கெனவே குறள் படிக்கிறான் அல்லவா? "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்பதை அவனோடு சேர்ந்து இருவரும் சொல்லலாம். அதில் நீங்கள் மனச்சாட்சிக்குள் பேசும் கடவுளைக் காண்பீர்கள். உங்கள் கணவர் மனிதனின் நெஞ்சை மட்டும் காண்பார். குறள் இருவருக்கும் இடம் கொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எந்த அடித்தளத்தில் நின்றாலும், அவசரம் அதைத் தோற்கடித்துவிடும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் குருமடத்தில் ஜோன் டார்லி, டேனியல் பட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஒரு பரிசோதனை 1973இல் வெளியானது. குருத்துவ மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் பாதிப் பேர் அங்கே போய்ப் பேசவிருந்தது நல்ல சமாரியன் உவமையைப் பற்றி. வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 வீதமானோர் உதவினார்கள். நேரம் போய்விட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 வீதம்தான். தலைக்குள் சமாரியன் உவமை இருந்தது பெரிய வித்தியாசத்தைச் செய்யவில்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்று உங்கள் வீட்டிலும் ஓட்டம் தொடங்கிவிடும். ரியூசன் முடிந்து ரியூசன் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடும்போது, வீதியில் சைக்கிளோடு விழுந்த ஒருவரைக் கடந்து போனால் அவன் படிப்பது அதைத்தான். அன்று அப்பா மழைக்குள் திரும்பிப் போனாரே, வேறு வேலையை நிறுத்திவிட்டுப் போனார் என்பதுதான் அவன் மனதில் பதிந்தது. அப்படிப்பட்ட நேரங்களை இருவரும் சேர்ந்து அவனுக்குக் கொடுங்கள். அயலில் தனித்திருக்கும் வயோதிபருக்குச் சோறு கொண்டுபோவது, மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போவது என்று எதுவானாலும் சரி, மூவருமாகப் போங்கள்.

நம் கிழக்கு மண் இந்த இரண்டு வழிகளையும் கண்டிருக்கிறது. பல ஆண்டுகள் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹெபேர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச் சென்ற தமிழ் இளைஞனோடு காணாமற்போனார். நாடு பற்றியெரிந்த நேரத்தில் அவர் அமெரிக்காவுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி நம்முடைய மூதூரில், பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர் 17 பேர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நிறுவனம் எந்தச் சமயத்தின் பெயராலும் நடப்பதல்ல. இறந்தவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அவர்களில் பலர் வீட்டில் சாமி கும்பிட்டவர்களாக, தொழுதவர்களாக இருந்திருப்பார்கள். வேலைத்தளத்தில் எல்லோருக்கும் காரணம் ஒன்றுதான்: கடற்கோளாலும் யுத்தத்தாலும் தவித்த மக்களுக்கு உதவி கிடைக்கவேண்டும். அவர்களுக்கு இன்னும் நீதி கிடைக்கவில்லை. இந்த இரண்டு கதைகளையும் மகன் வளரும்போது அவனுக்குச் சொல்லுங்கள். முதலாவதை அப்பா சொல்லட்டும், இரண்டாவதை நீங்கள் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட நேரடி விடயங்கள்.

முதல் நன்மை நடக்கட்டும். அவர் தடுக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து விளங்குகிறது. அது பெரிய விடயம், அதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள். அன்று அவர் கோயிலுக்கு வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கலாம், படம் எடுக்கலாம், வந்தவர்களை உபசரிக்கலாம். பாவசங்கீர்த்தனம் செய், நன்மை வாங்கு என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். நம்பாத ஒருவரை நற்கருணை வாங்கச் சொல்வது உங்கள் விசுவாசத்துக்கே அவமதிப்பு. அவரைப் பிள்ளையின் முன் பொய்யாக நடிக்கவைப்பதும் ஆகும். சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "அவர் வந்திருக்கிறார், அது போதும்" என்று நீங்கள் சொன்னால் கதை அங்கேயே முடியும்.

ஆசிரியரே, உங்கள் பங்குக்கு, மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை இரவில் வீட்டில் உடைக்காதீர்கள். நம்முடைய பாடசாலைகளில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். இன்னும் பல வருடங்கள் அவன் கத்தோலிக்க பாடம் படிப்பான். அவனாகக் கேட்டால், "நான் அப்பிடி நம்பேல்லை, அம்மா நம்புறா, நீ பெரியாளாகி யோசிச்சு முடிவெடு" என்பது நேர்மையான பதில். கேட்காதபோது வலியப்போய் வாதாடுவது, அவனை உங்கள் இருவருக்கும் நடுவில் நீதிபதியாக உட்காரவைப்பதாகும். ஒன்பது வயதுக்கு அந்தப் பாரம் கூடாது. சகோதரி, அப்பா மனம் திரும்பச் செபமாலை சொல்லு என்று பிள்ளையை நீங்கள் முழங்காலில் நிறுத்துவதும் அதே பாரம்தான். உங்கள் செபத்தை நீங்களே செய்யுங்கள்.

மாமியின் பேச்சை நிறுத்தவேண்டியவர் உங்கள் கணவர், அது அவருடைய தாய். நரகம், சாபம் என்ற வார்த்தைகள் பேரனின் காதில் விழக்கூடாது என்று அவர் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லவேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாக மாறும்.

பங்குத்தந்தையிடம் போவது உங்கள் உரிமை. உங்கள் மனச்சுமையைச் சொல்லப் போங்கள். கணவரைத் திருத்த ஆளனுப்புவதற்காகப் போகாதீர்கள். போவதற்கு முன் அவரிடம், "பாதரோட கதைக்கப் போறன், உங்களைப் பற்றிக் குறை சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஒருநாள் பின்னேரம் எதிர்பாராமல் குருவானவர் வாசலில் வந்து நின்றால், அவர் அன்போடு வந்தாலும் உங்கள் கணவருக்கு அது வழக்கு விசாரணை மாதிரித்தான் இருக்கும். அவராக விரும்பினால் மூவரும் இருந்து பேசலாம். இருவருக்குள்ளும் பேச்சு முற்றி வாக்குவாதமாகிக்கொண்டே போனால், பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். அங்கே சமயம் பார்ப்பதில்லை, கட்டணமும் இல்லை. இருவருமாகவே போங்கள்.